ஷட்டர் இறங்கின பிறகு ஓடும் சரக்கு: புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது

டாஸ்மாக் கடைக்கு நேரம் பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை. 2016 மே மாதம் ஜெயலலிதா மறுபடியும் முதல்வராகப் பதவியேற்றதும் வந்த உத்தரவு இது. அதுவரை காலை 10 மணிக்கே ஷட்டர் ஏறிவிடும். கொரோனா காலத்தில் நேரம் முன்னே பின்னே ஆகி, மறுபடி பன்னிரண்டு – பத்துக்கே வந்து நின்றது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனை அரசு கையில் இருப்பதால், ‘ராத்திரி இன்னும் ரெண்டு மணி நேரம் திறந்து வைக்கிறேன்’ என்று ஒரு தனியார் கடைக்காரர் மனுப் போடுகிற பேச்சே இங்கே கிடையாது. நேரத்தைக் கூட்டுவதென்றால் கோட்டையிலிருந்து உத்தரவு வர வேண்டும்.

உத்தரவு வராமலே நேரம் கூடிவிட்ட தெருக்கள் வடசென்னையில் உண்டு. ஷட்டர் இறங்கிய பிறகு பாரின் பின்கதவு, எதிர்ப்புறப் பெட்டிக்கடை, அடுத்த சந்து முனை என்று வியாபாரம் இடம் மாறி விடிய விடிய நடக்கும். இதை நிறுத்தச் சொல்லி மனு எழுதுகிற தெருச் சங்கங்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: கடையைக் குறிவைத்து எழுதுகிறார்கள். பத்து மணிக்கு மேல் விற்பது பெரும்பாலும் கடை இல்லை. அதிகாரி வந்து பார்ப்பார், கடை பூட்டியிருக்கும், ‘விதிப்படி மூடப்பட்டுள்ளது’ என்று எழுதி மனுவை முடித்துவிடுவார். அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை.

இரவு 9:40 வாக்கில் கவுண்டர் கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். குவார்ட்டர் வாங்குகிறவர் நோட்டை நீட்டுவார், பாட்டிலை இடுப்பில் செருகுவார், போய்விடுவார். ஓரத்தில் ஒருவர் அரிசிச் சாக்கோ கட்டைப்பையோ வைத்துக்கொண்டு நிற்பார். வரிசைக்கு வரமாட்டார், அவசரமும் படமாட்டார். அவருக்குப் பெட்டியாகவே வரும். 180 மில்லி என்றால் ஒரு பெட்டிக்கு 48 பாட்டில். ஆஃப் 24, ஃபுல் 12. அட்டைப்பெட்டியை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, பாட்டில்களைச் சாக்கில் கொட்டி, மேலே வாட்டர் பாக்கெட்டோ பழைய துணியோ போட்டுக் கட்டிவிடுவார்கள். இது 10 மணிக்கு முன்னால் நடக்கிறது, அதுதான் சூட்சுமம். பத்து மணிக்கு மேல் கடையிலிருந்து எதுவும் வெளியே வர வேண்டியதே இல்லை.

சாக்கு போகும் இடம் பெரும்பாலும் ஐம்பது அறுபது அடிக்குள் இருக்கும். பாரின் சமையல்கட்டு, பெட்டிக்கடையின் ஐஸ் பெட்டி, ஓடாமல் கிடக்கும் ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில், பூட்டிக் கிடக்கும் வீட்டின் மாடிப்படி. சில இடங்களில் தெருவோரம் நிற்கும் மின்வாரிய இணைப்புப் பெட்டி, அதாவது பில்லர் பாக்ஸுக்குப் பின்னாலேயே திணிப்பார்கள். விற்கிறவர் கையில் எந்நேரமும் இரண்டு மூன்று பாட்டிலுக்கு மேல் இருக்காது.

“அண்ணே, ஒண்ணு.”

“இன்னா வேணும்?”

“பிராந்தி. எதுனா குடு.”

பணம் கைமாறியதும் ஒரு தலையசைப்பு. சந்துக்குள்ளிருந்து ஒரு பையன் கொண்டுவந்து கொடுப்பான். ஜிபே என்றால் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். வேறு யாரோ பேரில் இருக்கும். குவார்ட்டருக்கு எவ்வளவு ஏற்றுவது என்பது நேரத்தைப் பொறுத்தது: பதினோரு மணிக்கு ஒரு விலை, இரண்டு மணிக்கு ஒரு விலை, கடை லீவு நாளில் கேட்கவே வேண்டாம். போலீஸ் வந்தால் சிக்குவது மூன்று பாட்டிலோடு நிற்கும் ஆள் மட்டுமே. மறுநாளோ அடுத்த வாரமோ வேறு ஒருவர் அதே இடத்தில் நிற்பார். ஆகவே மனுவில் ஆளின் பெயரை விட, சரக்கு இருக்கும் இடம்தான் முக்கியம்.

‘நேரத்தைப் பன்னிரண்டு வரை நீட்டிவிட்டால் பிளாக் தானா செத்துடும்’ என்று டீக்கடையில் பேசுவார்கள். அதில் நியாயமே இல்லை என்று தள்ள முடியாது. காசிமேட்டில் நள்ளிரவுக்கு மேல்தான் வேலையே சூடுபிடிக்கும், விடிவதற்குள் ஏலம். மணலி பக்கத்து ஆலைகளில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து ஆள் வெளியே வரும்போது கடை மூடியிருக்கும். துறைமுக கேட்டுக்கு வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர் டிரைவருக்கு இரவு பகலே கிடையாது. நட்சத்திர ஹோட்டலில் பத்து மணிக்கு மேலும் பார் நடக்கும்போது இவர்களுக்கு மட்டும் ஏன் பத்து என்ற கேள்வி கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் கள்ள விற்பனையின் கனமான பகுதி இரவில் இல்லை. காலை ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கிறது. இரவை நீட்டினால் அது குறையாது. சாக்கு 9:40க்குப் பதில் 11:40க்கு வெளியே போகும், அவ்வளவுதான். இன்னொன்றையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கடையில் நிற்கும் சூப்பர்வைசரும் விற்பனையாளர்களும் தொகுப்பூதியக்காரர்கள். ஷட்டரை இறக்கிய பிறகும் பணம் எண்ணி, இருப்பு எழுதித்தான் கிளம்ப முடியும். கையில் அன்றைய வசூலோடு இரவில் நிற்பவர்களுக்கு இரண்டு மணி நேரம் கூடுவது என்பது சின்ன விஷயமில்லை.

இதனாலேயே ஒரு எச்சரிக்கை: 10:20க்குப் பாதி ஷட்டர் திறந்து விளக்கு எரிந்தால் அதை விற்பனை என்று படம் எடுத்து அனுப்பாதீர்கள். உள்ளே கணக்கு முடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு தப்பான படம் மற்ற நல்ல படங்களையும் சேர்த்துக் கெடுக்கும்.

சரி, எதைப் பதிவு செய்வது? ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். தேதி, கிழமை, நேரம், இடம், என்ன நடந்தது என்று ஒரு வரி. இரண்டு வாரம் எழுதினால் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்: சனிக்கிழமை சம்பள இரவு, ஞாயிறு காலை, பண்டிகைக்கு முந்தைய நாள். படம் எடுப்பதானால் நேரமும் இடமும் படத்திலேயே பதியும் ஜி.பி.எஸ். கேமரா செயலி நல்லது. ஒரே இரவில் இரண்டு படம் வேண்டும். ஒன்று, கடை எண் பலகையோடு பூட்டிய ஷட்டர். இரண்டு, ஐந்து நிமிடத்துக்குள் எடுத்த, விற்பனை நடக்கும் இடம். இரண்டும் சேர்ந்தால்தான் ‘கடை மூடிய பிறகு, கடைக்கு வெளியே’ என்பது நிற்கும். சாலையில் கிடக்கும் காலி பாட்டில்களை மட்டும் படம் எடுத்து அனுப்புவதால் பயனில்லை. அது யாரோ குடித்தார்கள் என்று காட்டுமே தவிர எப்போது வாங்கினார்கள் என்று காட்டாது. ஆனால் காலி பாட்டிலில் ஒரு உபயோகம் உண்டு. மூடியின் மேல் ஒட்டியிருக்கும் ஹாலோகிராம் லேபிளின் எண்ணையும், பாட்டில் மீதுள்ள பேட்ச் எண்ணையும் குறித்து மனுவில் சேருங்கள். எந்தக் கடைக்குப் போன சரக்கு என்று தேட அதிகாரிகளுக்கு அது ஒரு நூல்.

படம் மொட்டை மாடியிலிருந்தோ ஜன்னலுக்குள்ளிருந்தோ இருக்கட்டும். எதிரே போய் செல்போனைத் தூக்கி நிற்கும் வேலை வேண்டாம். வாங்க வருகிறவர் முகம் விழுந்தால் மறைத்துவிடுங்கள். அவர் பாதி நேரம் நம் தெருக்காரர். அவரை மாட்டிவிடுவதால் தெருவுக்குள் பகைதான் வளரும்.

பலமான ஆதாரம் கிடைப்பது விடுமுறை நாட்களில். ஆண்டுக்கு எட்டு நாள் கடையும் பாரும் முழுநேரம் மூடியிருக்க வேண்டும்: திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், மிலாடி நபி, சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரமும் விற்பனை கூடாது. இந்த நாட்களில் நேர வாதமே எழாது. பத்து மணி ஐந்து நிமிடமா பதினைந்து நிமிடமா என்று யாரும் பேச முடியாது. பாட்டில் கைமாறினாலே குற்றம்.

அடுத்து, யாருக்கு அனுப்புவது. இங்கே பலர் எல்லாவற்றையும் ஒரே மனுவில் போட்டுவிடுவார்கள்: பத்து ரூபாய் கூட வாங்குகிறார்கள், பார் நாறுகிறது, பிளாக் விற்கிறார்கள், பிளாட்பாரத்தில் பாட்டில் உடைக்கிறார்கள், கடையையே எடுங்கள். அப்படிப்பட்ட மனு ஒவ்வொரு அலுவலகமாகச் சுற்றி, ‘எங்கள் வரம்பில் இல்லை’ என்ற முத்திரையோடு திரும்பும். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை.

கடை விலைக்கு மேல் வாங்குவது, சாக்குச் சாக்காகக் கொடுப்பது இரண்டும் டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கு. கடைப் பலகையில் எண் இருக்கும். அந்த எண் இல்லாமல் எழுதாதீர்கள், ஒரே சாலையில் இரண்டு கடை இருந்தால் குழப்பிவிடுவார்கள். நேரம் தாண்டி பார் நடப்பதும், உரிமமே இல்லாமல் பார் நடப்பதும் மாவட்ட மேலாளருக்கும் ஆட்சியருக்கும் சேர்த்து. பாருக்கும் கடை நேரம்தான்; அதோடு பார்காரர் சைடு டிஷ், தண்ணீர், கிளாஸ் விற்கலாமே தவிர சரக்கு விற்கக் கூடாது. கள்ள விற்பனை என்றால் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு, கட்டணமில்லா எண் 10581. அந்த நிமிடமே தகராறு, வழிமறிப்பு என்றால் 100 அல்லது 112. உடைந்த பாட்டில், குப்பை, எரியாத தெருவிளக்கு மாநகராட்சியின் 1913. பில்லர் பாக்ஸ் திறந்து கிடந்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம், 94987 94987. அதில் கை விடுகிற ஆளுக்கும் அது ஆபத்து, மழைக்காலத்தில் தெருவுக்கே ஆபத்து.

எல்லை விஷயத்தில் வடசென்னைக்காரர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். மாநகராட்சி மண்டலம் ஒன்று சொல்லும், காவல் எல்லை வேறு சொல்லும். மணலியும் எண்ணூரும் மாநகராட்சிக்குள் இருந்தாலும் காவல்துறையில் 2022 முதல் ஆவடி ஆணையரகம். ஆணையர் பெயரில் மனு அனுப்புமுன் உங்கள் ஸ்டேஷன் எந்த ஆணையரகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தப்பான இடத்துக்குப் போனால் மாற்றி அனுப்பியே வாரங்கள் ஓடிவிடும்.

சரக்கு எடுத்துவரும் பையன் 18 வயதுக்குக் குறைந்தவன் என்று தோன்றினால் வழக்கின் எடையே மாறிவிடும். சிறார் நீதிச் சட்டம் 2015இன் 78ஆம் பிரிவுப்படி மது விற்க, தூக்க, கடத்தக் குழந்தையைப் பயன்படுத்தினால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். குழந்தைக்கே மது கொடுத்தால் 77ஆம் பிரிவு, அதே அளவு தண்டனை. இதற்குக் குழந்தைகள் உதவி எண் 1098. பையன் முகத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அதுவும் சட்டப்படி தப்பு, அவனுக்கும் கேடு.

மனுவின் வாசகம் குறுகியதாக இருக்கட்டும். இப்படி:

“டாஸ்மாக் கடை எண் ____ஐ ஒட்டிய பாரின் பின்வாசலில், ____ சந்துப் பக்கம், இரவு 10 மணிக்குப் பிறகும் பகல் 12 மணிக்கு முன்பும் மதுபானம் விற்கப்படுகிறது. விற்பனை நடந்த நாட்களும் நேரங்களும் கீழே, படங்கள் இணைப்பில். சரக்கு வைக்கப்படும் இடம்: ____. மேற்படி இடத்தை இரவு 11 முதல் 12 மணிக்குள் தணிக்கை செய்து, எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.”

அவ்வளவுதான். சமுதாயம் சீரழிகிறது, தாய்மார்கள் கண்ணீர் வடிக்கிறார்கள் என்று ஒன்றரைப் பக்கம் ஆரம்பித்தால் தணிக்கை செய்யப் போகிறவர் சந்தின் பெயர் வரும் வரிக்கு வருவதற்குள் அலுத்துவிடுவார். தணிக்கை நேரத்தை நாமே எழுதுவது முக்கியம். எழுதாவிட்டால் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

தனி ஆள் கையெழுத்து வேண்டாம். சங்கத்தின் லெட்டர்பேடில், பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்தோடு போகட்டும். யார் புகார் கொடுத்தது என்ற செய்தி விற்கிறவர் காதுக்குப் போய்ச்சேர எத்தனை நேரம் ஆகும் என்று தெருக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேஷனில் மட்டும் கொடுத்து நிறுத்தாமல், அதே மனுவை 1100 வழியாக ‘முதல்வரின் முகவரி’ என்ற மனுப் பிரிவிலும் பதிந்துவிடுங்கள்; மனு எண் கிடைக்கும். ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் இருக்கும் சென்னை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். மூன்று நாளில் போலீஸ் ஒரு மூட்டையைப் பிடித்ததாக போட்டோ வரும், தெரு பத்து நாள் அமைதியாக இருக்கும். நோட்டை மூடிவைக்கக் கூடாத நேரம் அதுதான். இரண்டு மூன்று வாரத்தில் வியாபாரம் நூறடி தள்ளி மறுபடி முளைக்கும். பழைய மனு எண்ணைக் குறிப்பிட்டு புது இடத்தை எழுத வேண்டும்.

‘விசாரித்ததில் அவ்வாறு விற்பனை ஏதும் இல்லை’ என்று பதில் வந்தால் கோபப்பட்டு அடுத்த மனு எழுதாமல், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். விசாரணை நடந்த தேதி, நேரம், விசாரித்த அலுவலரின் பதவி, அறிக்கையின் நகல். தனியாக, அந்த பாரின் உரிமக் காலம் எது முதல் எது வரை, உரிம நகல். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்வி தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். விசாரணை நேரம் ‘பிற்பகல் 3’ என்று பதிலில் வந்தால், அந்தக் காகிதம்தான் உங்கள் அடுத்த மனுவின் முதல் இணைப்பு.

கடையையே இடம் மாற்றச் சொல்வது வேறு வழக்கு. மாநகராட்சி எல்லையில் கோயில், மசூதி, தேவாலயம், பள்ளி, கல்லூரியிலிருந்து 50 மீட்டருக்குள் கடை கூடாது என்பது 2003 விதி. வணிகப் பகுதி, தொழில் பகுதி என்று வகைப்படுத்திய இடத்துக்கு அது பொருந்தாது. வடசென்னையில் முக்கியச் சாலைகளை ஒட்டிய இடங்கள் பல இந்த வகையில் வந்துவிடும் என்பதால், டேப் எடுத்து அளக்குமுன் சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நிலப்பயன்பாட்டு வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

மனுவை விடச் சீக்கிரம் வேலை செய்வது வெளிச்சம். விற்பனை நடக்கும் சந்தில் விளக்கு ‘தானாகவே’ ஃபியூஸ் போயிருக்கும். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லி 1913இல் பதியுங்கள். எண் இல்லாமல் பதிந்தால் ஆள் வந்து வேறு கம்பத்தைப் பார்த்துவிட்டுப் போவார். ஆளில்லாமல் கிடக்கும் மனையின் சொந்தக்காரரைத் தேடிப்பிடித்து கேட்டுக்குப் பூட்டுப் போடச் சொல்வதும், ஓடாத ஆட்டோவை அப்புறப்படுத்தச் சொல்வதும் இதே கணக்கில் சேரும். பாட்டில் வைக்க இடமில்லாவிட்டால் சாக்கு வராது.

காலை விற்பனையை நிறுத்தப் போகிறோம் என்றால் ஒரு ஏற்பாடு முன்கூட்டியே வேண்டும். காலை ஆறு மணிக்குக் கை நடுங்க வந்து நிற்பவர்கள் ஆசைக்காக வருவதில்லை. பல வருடம் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நின்றால் தாங்காது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணில் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது என்று முற்றினால் உயிருக்கே ஆபத்து. அந்த நிலையில் ஆளை அறையில் பூட்டிவைப்பது, மோர் கொடுத்துத் தூங்கவைப்பது எல்லாம் உதவாது. 108ஐக் கூப்பிட வேண்டும். அவ்வளவு தூரம் போகாதவர்களை ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளர் பிரிவுக்கோ, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கோ வீட்டு ஆள் ஒருவரோடு அழைத்துப் போகலாம். போகுமுன் பேச வேண்டுமென்றால் போதை மீட்பு உதவி எண் 14446. தினமும் எவ்வளவு, எத்தனை வருடம், கடைசியாகக் குடித்தது எப்போது என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான், அந்த நேரத்தில் குடித்தவருக்கும் சரியாகச் சொல்ல வராது, கூடப் போகிறவருக்கும் வராது.